கேள்வி கேட்ட நீதிபதி

1997 ஜனவரி. ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐக்கிய நாடுகள் சபை அமைத்த அனைத்துலகத் தீர்ப்பாயம் தன்சானியாவின் அருஷா நகரில் கூடியிருந்தது. சாட்சி சொல்ல ஒரு பெண் வந்திருந்தார். பாதுகாப்புக்காக அவர் பெயரை மறைத்து ‘ஜே’ என்ற எழுத்தை மட்டும் கொடுத்திருந்தார்கள். தபா என்ற ஊரின் மேயராக இருந்த ழான்-போல் அகாயேசு மீதான வழக்கு அது. குற்றப்பத்திரிகையில் இனப்படுகொலை, கொலை, சித்திரவதை என்று பன்னிரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. பாலியல் வன்கொடுமை என்ற குற்றம் அதில் எங்கும் இல்லை.

தாம் தப்பியோடிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்த அந்தப் பெண், தம்முடைய ஆறு வயது மகளை மூன்று பேர் சீரழித்ததையும் சொன்னார். வழக்கு கொலையைப் பற்றியது. அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நீதிபதிகள் அங்கேயே நின்றார்கள். மூவர் அமர்வில் ஒரே பெண்ணான தென்னாப்பிரிக்க நீதிபதி கேள்விகளைத் தொடர்ந்தார். விசாரணை அதிகாரிகள் அதுவரை தம்மிடம் இதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது அந்தத் தாயின் பதில்களில் தெரியவந்தது. மார்ச் மாதம் இன்னொரு பெண் வந்தார். சோள வயலில் தமக்கு நேர்ந்ததையும், மேயர் அலுவலக வளாகத்திலேயே மற்றப் பெண்களுக்கு நேர்ந்ததையும் சொன்னார். ஜூன் மாதம் அரசுத்தரப்பு குற்றப்பத்திரிகையைத் திருத்தி மூன்று புதிய குற்றச்சாட்டுகளைச் சேர்த்தது.

1998 செப்டம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஓர் அனைத்துலக நீதிமன்றம் ஒரு மனிதரைத் தண்டித்தது உலக வரலாற்றில் அதுவே முதல் முறை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைதான் என்று தீர்ப்பானதும் அதுவே முதல் முறை.

அந்தத் தென்னாப்பிரிக்க நீதிபதியின் பெயர் நவநீதம் பிள்ளை. தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வெட்டுக் கூலியாகப் போன ஒருவரின் பேத்தி.

மலேசியாவின் கெடாவில் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பீடோங்கிலோ இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தக் குடும்பக் கதையின் முதல் பாதியை விளக்க வேண்டியதில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் முதல் சஞ்சிக்கூலிகளோடு நட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் அப்படி நட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். அதே மாகாணத்தின் அதே கிராமங்களிலிருந்து இன்னொரு கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெர்ஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பினாங்கு வழியாகக் கெடாவின் ரப்பர் காடுகளுக்கு வந்தது. அங்கே கரும்பு, இங்கே பால்மரம். மலாயாவில் சஞ்சிமுறை 1910-இல் முடிந்து கங்காணிமுறை அதன் இடத்தைப் பிடித்தது. சஞ்சிமுறையில் ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பும் குற்றம். அந்தத் தலைமுறைக்குச் சட்டம் என்றால் தங்களைப் பிடித்து வைக்கும் ஒன்று. தாங்கள் போய் முறையிடும் இடமல்ல.

அந்த மனநிலை கெடாவின் லயன் வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. பெரட்டில் கங்காணியிடம் வாய் திறந்தால் வேலை போகும். கிராணி கணக்கைத் தப்பாக எழுதினாலும் துரையிடம் போய் நிற்கத் தைரியம் வராது. நவநீதம் பிள்ளையின் வாழ்க்கையை வரிசையாகப் படித்தால், அவர் அந்த மனநிலையை ஒவ்வொரு படியாக எதிர்த்து ஏறி வந்தது தெரியும்.

அவர் பிறந்தது 1941 செப்டம்பர் 23, டர்பனின் கிளேர்வுட் பகுதியில். அப்பா பேருந்து ஓட்டுநர். ஆறு வயதில் முதன்முதலாக நீதிமன்றத்துக்குள் போனார், அதுவும் சாட்சியாக. அப்பாவின் ஒரு மாதச் சம்பளமான ஐந்து பவுன் அந்தச் சிறுமியிடமிருந்து திருட்டுப் போயிருந்தது. சிறுமி சாட்சி சொன்னாள், திருடனுக்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் பணம் திரும்பி வரவில்லை. பிற்காலத்தில் இந்தச் சம்பவத்தை அவரே பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு மாதச் சம்பளம் இல்லாமல் ஒரு கூலிக் குடும்பம் எப்படி அந்த மாதத்தை ஓட்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். குற்றவாளியைத் தண்டிப்பது வேறு, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கிடைப்பது வேறு என்ற பாடம் அவருக்கு அந்த வயதிலேயே கிடைத்துவிட்டது.

கெட்டிக்காரப் பெண், ஆனால் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. ஊர் இந்தியர்கள் சேர்ந்து நன்கொடை திரட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் நட்டால் பல்கலைக்கழகத்தில் 1963-இல் இளங்கலைப் பட்டமும் 1965-இல் சட்டப் பட்டமும் பெற்றார். கெடாவிலும் அப்படிச் சில்லறை சேர்த்துப் பெரிய காரியம் செய்த வரலாறு உண்டு. தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வீடு வாசலின்றி நின்ற காலத்தில், 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குத் தொகையில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். டர்பனில் அந்தச் சில்லறை ஒரு வழக்கறிஞரை உருவாக்கியது.

பட்டம் கையில் இருந்தது, வேலை கொடுக்க ஆளில்லை. வெள்ளைக்காரப் பணியாளர்கள் ஒரு கறுப்பு நிறப் பெண்ணின் உத்தரவைக் கேட்டு நடக்க முடியாது என்பதுதான் சட்ட நிறுவனங்கள் சொன்ன காரணம். அதனால் 1967-இல் தாமே அலுவலகம் திறந்தார். நட்டாலில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண் அவர். நிறவெறிச் சட்டம் எவ்வளவு நுணுக்கமாக மனிதரை அவமதித்தது என்பதற்கு ஒரு சிறு உதாரணம் போதும். வழக்கறிஞராக இருந்தும் நீதிபதியின் தனியறைக்குள் அவர் நுழைய முடியாது. பின்னாளில் அவர் முதல் முறையாக ஒரு நீதிபதி அறைக்குள் போனபோது அது அவருடைய சொந்த அறையாக இருந்தது.

அவர் எடுத்த வழக்குகளில் இரண்டை மட்டும் சொல்லலாம். கணவர் கேபி பிள்ளையும் வழக்கறிஞர். நிறவெறி அரசு அவரை விசாரணையின்றி அடைத்து வைத்தபோது, 1971-இல் போலீஸ் சட்டவிரோதமான விசாரணை முறைகளைக் கையாளக் கூடாது என்று மனைவியே நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 1973-இல் ராபன் தீவில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையை வென்று கொடுத்தார். நெல்சன் மண்டேலாவும் அந்தக் கைதிகளில் ஒருவர். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கமுந்திங் முகாமில் ஆட்களை வைத்திருந்த காலத்தைக் கண்ட மலேசியர்களுக்கு இந்த இரண்டு வழக்குகளின் கனம் புரியும். விசாரணையின்றி அடைத்து வைக்கும் சட்டம் முதலில் பறிப்பது வெளி உலகத்தோடு பேசும் வழியை. அந்த வழியில் ஒரு சிறு திறப்பை உண்டாக்குவதே பெரிய வெற்றி.

கெடாக்காரர்களுக்கு ஹார்வர்ட் என்றதும் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம் நினைவுக்கு வரும். அங்கேதான் 1940-களின் நடுவில் ஏ. எம். சாமி தொண்டர் படையைக் கட்டி, கள்ளுக்கடைக்கு எதிராகவும் தொழிலாளர் மானத்துக்காகவும் இளைஞர்களை நிற்க வைத்தார். 1947-இல் அந்த இயக்கம் போலீசோடு மோதி ஒடுக்கப்பட்டது. நவநீதம் பிள்ளை போனது அமெரிக்காவின் ஹார்வர்ட் சட்டப் பள்ளிக்கு. 1982-இல் முதுகலை, 1988-இல் சட்ட முனைவர் பட்டம். அங்கே அந்த முனைவர் பட்டத்தைப் பெற்ற முதல் தென்னாப்பிரிக்கர் அவர். நாற்பது வயதுக்கு மேல், நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்கு நடுவே, மறுபடி மாணவியாகிப் படித்த படிப்பு. ஊர் திரும்பி நட்டால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றினார். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லும் மையம் ஒன்றைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். 1992-இல் பெண்ணுரிமைக்கான அனைத்துலக அமைப்பான ‘ஈக்குவாலிட்டி நௌ’-வை இணைந்து நிறுவினார்.

1995-இல், அதிபராகிவிட்ட மண்டேலா அவரை உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண். நாற்காலி சூடேறும் முன்னே ஐ.நா. பொதுச்சபை அவரை ருவாண்டா தீர்ப்பாயத்துக்குத் தேர்ந்தெடுத்தது. எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அவற்றில் கடைசி நான்கு ஆண்டுகள் அதன் தலைவர்.

அந்த எட்டு ஆண்டுகளில்தான் அவர் பெயர் சட்டப் புத்தகங்களில் நிலைத்தது. 1994-இல் ருவாண்டாவில் நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் டுட்சி இனத்தவர், கொல்லப்பட்டார்கள். அதில் பங்குகொண்டவர்களைத் தனித்தனி மனிதராகப் பிடித்து விசாரிப்பதுதான் தீர்ப்பாயத்தின் வேலை. ஒரு நாட்டையோ ஓர் இனத்தையோ கூண்டில் ஏற்ற முடியாது. இன்ன தேதியில் இன்ன இடத்தில் இன்னார் செய்தார் என்று காட்ட வேண்டும். இனப்படுகொலை என்றால் இன்னும் கடினம். ஓர் இனத்தை, மதத்தை, மக்கள் கூட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ ஒழிக்கும் நோக்கம் அந்த மனிதரின் மனத்தில் இருந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது.

அகாயேசு தீர்ப்பில் இன்னொரு சங்கதி அடங்கியிருக்கிறது, சட்டம் படிக்காதவர்களும் கவனிக்க வேண்டிய சங்கதி. அதுவரை பாலியல் வன்கொடுமைக்கு அனைத்துலகச் சட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை கிடையாது. உள்நாட்டுச் சட்டங்களோ உடலின் எந்தப் பாகத்துக்கு என்ன நேர்ந்தது என்று எந்திரத்தனமாக அளந்தன. அமர்வின் நீதிபதிகளான காமா, ஆஸ்பெகிரேன், பிள்ளை மூவரும் அந்தப் பாதையில் போகவில்லை. அச்சுறுத்தும் சூழலில் ஒருவர் உடல் மீது நடத்தப்படும் பாலியல் அத்துமீறல் என்று விரிவாக வரையறுத்தார்கள். அடி உதை இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆயுதம் ஏந்திய கூட்டம் ஊரைச் சூழ்ந்து நிற்கும்போது அந்தச் சூழலே பலவந்தம்தான் என்றார்கள். போரில் பெண்ணுடலை வெற்றிப் பரிசாகக் கருதும் காலம் முடிந்தது என்று உலகுக்குச் சொல்ல விரும்பியதாக நவநீதம் பிள்ளை பின்னர் கூறினார்.

அகாயேசு தீர்ப்பு வந்த அதே வாரத்தில் ருவாண்டாவின் இடைக்காலப் பிரதமராக இருந்த ழான் கம்பாண்டா ஆயுள் தண்டனை பெற்றார். குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டவர்; இனப்படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் அரசாங்கத் தலைவர். 2003 டிசம்பரில், நவநீதம் பிள்ளை தலைமை தாங்கிய அமர்வு, வானொலியிலும் பத்திரிகையிலும் டுட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று ஓயாமல் தூற்றி மக்களைக் கொலைக்குத் தூண்டிய மூவரைத் தண்டித்தது. பேச்சுரிமைக்கும் கொலைத் தூண்டலுக்கும் நடுவே கோடு எங்கே என்று நியூரம்பெர்க் விசாரணைகளுக்குப் பிறகு ஓர் அனைத்துலக நீதிமன்றம் தீர்மானித்த வழக்கு அது. மேல்முறையீட்டில் சில பகுதிகள் மாறின, தண்டனைக் காலம் குறைந்தது. ஆனாலும் அடிப்படை நின்றது.

அருஷாவில் நடந்ததைக் கெடா மண்ணில் நின்று பார்க்கும்போது வேறொரு வழக்கு மனத்தை உறுத்தும், ஏறக்குறைய நடக்காமலே போன வழக்கு. 1942-43-இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் தமிழர். சயாம் எல்லையை ஒட்டிய கெடாவின் தோட்டங்களும் ஆட்களை இழந்தன. காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். போருக்குப் பிறகு சிங்கப்பூரில் பிரிட்டிஷார் நடத்திய போர்க்குற்ற விசாரணைகளில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பட்ட பாடு விரிவாகப் பேசப்பட்டது. தமிழ்க் கூலிகளின் சாவைப் பற்றிய வழக்குகள் மிகச் சில. காஞ்சனபுரி மயானத்தில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயரோடு வரிசையாக நிற்கின்றன. கெடாவிலிருந்து போன தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் இல்லை. அவர்களுடைய விதவைகளிடம் யாரும் வந்து கேட்கவில்லை. அருஷாவில் ஒருவர் கேட்டதால் ஒரு குற்றம் பதிவாயிற்று; இங்கே கேட்கப்படாததால் ஒரு பெருங்கொடுமை தோட்டத்துக் கிழவிகளின் ஒப்பாரியில் மட்டும் தங்கிப்போனது.

அனைத்துலக நீதிமன்றங்கள் எல்லாம் ஒன்றல்ல. பத்திரிகைகளில் அடிக்கடி குழப்பம் வரும் இடம் இது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் முக்கியமாக இரண்டு உள்ளன. ஒன்று ஐ.நா.வின் அனைத்துலக நீதிமன்றம். அங்கே நாடும் நாடும் மட்டுமே வழக்காடும். மற்றது 2002-இல் தொடங்கிய அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம். அது தனிமனிதர்களை விசாரிக்கிறது.

முதலாவது மலேசியாவுக்கு நன்கு பழக்கம். 2002-இல் சிப்பாடான், லிகித்தான் தீவுகளை இந்தோனேசியாவிடம் இழக்காமல் மலேசியா பெற்றதும், 2008-இல் பத்து புத்தே தீவை சிங்கப்பூரிடம் இழந்ததும் அங்கேதான். 1999-இல் அதே நீதிமன்றம் மலேசியாவுக்கு எதிராக ஓர் ஆலோசனைக் கருத்தும் வழங்கியது. மலேசிய வழக்கறிஞர் டத்தோ பரம் குமாரசாமி அப்போது நீதித்துறைச் சுதந்திரத்துக்கான ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். 1995-இல் ஒரு சட்ட இதழுக்கு அவர் கொடுத்த பேட்டிக்காக நிறுவனங்கள் கோடிக்கணக்கான வெள்ளி கேட்டு அவதூறு வழக்குகள் தொடுத்தன. ஐ.நா. பணியில் சொன்ன சொல்லுக்காக அவரை உள்நாட்டு நீதிமன்றத்தில் இழுக்க முடியாது என்று 14-க்கு 1 என்ற கணக்கில் ஹேக் சொன்னது. அந்தப் பதினால்வரில் இலங்கையின் கிறிஸ்டோபர் வீரமந்திரியும் ஒருவர். சிப்பாடான் வழக்கில் தன் சார்பில் அமர ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோது, மலேசியா தேர்ந்தெடுத்தது அதே வீரமந்திரியைத்தான். தனக்கு எதிராகக் கருத்துச் சொன்னவரின் நேர்மையை ஒரு நாடு நம்பியது என்பதே அனைத்துலக நீதிபதி என்ற தொழிலுக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்.

இரண்டாவது நீதிமன்றத்தில் நவநீதம் பிள்ளை 2003 முதல் 2008 வரை மேல்முறையீட்டுப் பிரிவு நீதிபதியாக இருந்தார். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் மலேசியா 2019 மார்ச் 4-ஆம் தேதி சேர்ந்தது. ஒரே மாதத்தில், ஏப்ரல் 5-ஆம் தேதி, விலகுவதாக அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். மகாதீர் அலோர்ஸ்டாரில் பிறந்தவர், அப்போது லங்காவியின் நாடாளுமன்ற உறுப்பினர். மலாய் ஆட்சியாளர்களின் நிலைக்கு ஆபத்து வரும் என்று எழுந்த எதிர்ப்பே காரணம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் போதவில்லை என்று அன்றே சட்ட அறிஞர்கள் சிலர் விளக்கிச் சொன்னார்கள். விளக்கம் மக்களிடம் போய்ச் சேரும் முன் முடிவு வந்துவிட்டது.

இதற்கும் கெடாவுக்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கெடாவின் நவீன வரலாறே நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் ஆனது. பினாங்குத் தீவு 1786-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1909-இல் பாங்காக்கில் சயாமும் பிரிட்டனும் கையெழுத்திட்ட தாளில் கெடாவே கைமாறியது. கெடாவின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. 1943-இல் ஜப்பான் அதை மறுபடி தாய்லாந்திடம் கொடுத்தது. தன்னைக் கேட்காமல் எழுதப்பட்ட அனைத்துலகச் சட்டம் எப்படி இருக்கும் என்று இந்த மாநிலம் இரண்டு முறை பார்த்திருக்கிறது.

2008 செப்டம்பரில் நவநீதம் பிள்ளை ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனார். நீதிபதிக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் உண்டு. ஆணையருக்குக் குரல் மட்டுமே உண்டு. 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்த சில நாட்களில் அவர் சுதந்திரமான விசாரணை கேட்டார். ஜெனீவாவில் கூடிய மனித உரிமை மன்றமோ 29 வாக்குகளில் இலங்கை அரசைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. ஆதரித்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் மலேசியாவும் அவர் பிறந்த தென்னாப்பிரிக்காவும் இருந்தன. தமிழர்கள் வாழும் மூன்று நாடுகள். அந்த வாக்குப் பட்டியல் இன்றும் நெஞ்சைச் சுடுகிறது.

அவர் விடவில்லை. 2013 ஆகஸ்டில் ஒரு வாரம் இலங்கைக்குப் போனார். முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மக்களைச் சந்தித்தார். தமிழ் வம்சாவளி என்பதால் பாரபட்சம் காட்டுகிறார் என்று சிலர் தூற்றினார்கள். தாம் தென்னாப்பிரிக்கர், அதில் பெருமைப்படுபவர் என்று பதில் சொன்னார். விடுதலைப் புலிகளைக் கொலைகார இயக்கம் என்று கொழும்பில் வெளிப்படையாகக் கண்டித்தார். தமிழர்களில் பலருக்கு அது வலித்தது. அதே உரையில், தம்மைச் சந்தித்தவர்கள் வீட்டுக்குப் போலீசும் ராணுவமும் போய் மிரட்டியதையும் கடுமையாகச் சாடினார். சாட்சி சொல்ல வந்தவரை மிரட்டுவது அவரால் பொறுக்க முடியாதது. ஆறு வயதில் கூண்டில் நின்றவர் அவர். 2014 மார்ச்சில் மனித உரிமை மன்றம் 23 வாக்குகளோடு விசாரணைக்கு உத்தரவிட்டது. அவருடைய அலுவலகம் தொடங்கிய அந்த விசாரணையின் அறிக்கை, அவர் பதவி முடிந்த பின் 2015 செப்டம்பரில் வெளிவந்தது.

ஓய்வு என்பது பெயருக்குத்தான். பாலஸ்தீனம் பற்றிய ஐ.நா. விசாரணை ஆணையத்துக்கு 2021-இல் தலைமை ஏற்றார். காஸாவில் இஸ்ரேல் செய்தது இனப்படுகொலை என்று அந்த ஆணையம் 2025 செப்டம்பர் 16-இல் அறிக்கை வெளியிட்டபோது, அவருக்கு 84 வயது ஆக ஒரு வாரம் இருந்தது. இஸ்ரேல் அதை ஏற்கவில்லை.

கெடாவை நேராகத் தொடும் வழக்கு ஒன்றும் அவர் கையில் வந்தது. 2015 மே மாதம் லங்காவிக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா, வங்காளதேச மக்கள் படகிலிருந்து இறங்கினார்கள். சிக் மாவட்டத்தின் பெலாந்தேக் தடுப்பு முகாமுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அதே மாதம் பக்கத்துப் பெர்லிஸின் வாங் கெலியானில் 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 20 விடியற்காலையில், பண்டார் பாரு வட்டாரத்து ரெலாவ் தற்காலிக முகாமிலிருந்து 528 ரோஹிங்கியாக்கள் தப்பியோடினார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனங்கள் மோதி ஆறு பேர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். கூலிம், சுங்கை பட்டாணிக்காரர்கள் கோலாலம்பூருக்குப் போகும் சாலை அது.

இந்த மக்களை ஓட வைத்த கொடுமைக்காக மியன்மார் மீது வழக்குப் போட்டது பக்கத்து நாடு எதுவும் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு காம்பியா. அதன் சட்ட அமைச்சர் அபூபக்கர் தம்பாடு முன்பு ருவாண்டா தீர்ப்பாயத்தின் அரசுத்தரப்பில் வேலை பார்த்தவர். 2018-இல் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாமில் ரோஹிங்கியாக்கள் சொன்னதைக் கேட்டதும், அருஷாவில் கேட்ட கதைகளே திரும்பவும் வருவதாக உணர்ந்தார். 2019 நவம்பர் 11-இல் ஹேக்கில் வழக்குப் பதிவாயிற்று. வழக்காடும் நாட்டைச் சேர்ந்த நீதிபதி அமர்வில் இல்லையென்றால், அந்த வழக்குக்கு மட்டும் ஒருவரை அந்த நாடு தேர்ந்தெடுக்கலாம். சொந்த நாட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காம்பியா தேர்ந்தெடுத்தது நவநீதம் பிள்ளையை.

2020 ஜனவரி 23-இல், ரோஹிங்கியாக்களைக் காக்க மியன்மார் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும், ஆதாரங்களை அழிக்கக் கூடாது என்று நீதிபதிகள் ஒருமனதாக உத்தரவிட்டார்கள். அதற்கு ஆதாரமாகப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்பட்டது ஐ.நா. உண்மை அறியும் குழுவின் அறிக்கை. அந்தக் குழுவின் மூவரில் ஒருவர் இலங்கைத் தமிழர் ராதிகா குமாரசாமி. இந்த வழக்கைப் போடக் காம்பியாவுக்கு உரிமையில்லை என்ற மியன்மாரின் வாதத்தை 2022 ஜூலையில் நீதிமன்றம் தள்ளியது. இனப்படுகொலை ஒப்பந்தத்தில் சேர்ந்த எந்த நாடும், பாதிக்கப்படாத நாடாக இருந்தாலும், வழக்குத் தொடுக்கலாம் என்பது இப்போது உறுதியான சட்டம். மலேசியா 1994-இலேயே அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் வழக்குப் போட்டது அகதிகளைத் தன் மண்ணில் வைத்திருக்கும் மலேசியா அல்ல, காம்பியா.

கெடாவின் சிந்தோக்கில் வடக்கு மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சட்டமும் அனைத்துலக உறவும் அங்கே பாடம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் அந்த வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அகாயேசு தீர்ப்பையும் ரோஹிங்கியா உத்தரவையும் அவர்கள் பரீட்சைக்குப் படிப்பார்கள். பரீட்சை முடிந்த பிறகு செய்ய ஒரு வேலை மிச்சமிருக்கிறது. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்னும் சிலர் லூனாஸிலும் பாடாங் செராயிலும் உயிரோடு இருக்கிறார்கள், எண்பது தொண்ணூறு வயதில். அதே ஊர்களின் கட்டுமான இடங்களில், காக்ஸ் பஜாரைத் தாண்டி வந்த ரோஹிங்கியாக்கள் கல் சுமக்கிறார்கள். இரு சாராரிடமும் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்து, தேதி, இடம், பெயர் என்று வரிசையாகக் கேட்டு எழுதி வைக்க, நீதிபதி ஆகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.